இருக்கங்குடிக்கு நேர்ந்த முடி

என் அத்தாவின் மிளகாய் வத்தல் கமிசன் கடை முன்னால் லாரி வந்து நின்றால் தெருவே தும்மும். எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் தும்ம மாட்டோம். பிறந்ததிலிருந்து அந்த நெடியிலேயே வளர்ந்த மூக்குகள்.

அன்றைக்கும் ஒரு லோடு வந்திருந்தது. அத்தாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் போனபோது, சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளுத்துச் சுருங்கிய வத்தலுக்குச் சண்டு என்று பெயர். அது கலந்து கிடந்தால் விலை போகாது. அதனால் சரக்கு அனுப்புகிற தோட்டத்துக்காரர் மூடைகளோடு ஆட்களையும் லாரியில் ஏற்றி விருதுநகருக்கு அனுப்பிவிடுவார்.

ஓரமாக இருந்தவளின் மடியில் ஒரு பிள்ளை. அது கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கியதும் அவள் தூக்கினாள். உள்ளங்கை மேலே படாமல், இரண்டு மணிக்கட்டையும் பிள்ளையின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினாள். வத்தல் பொறுக்கிய கை பிள்ளையின் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று வத்தல் வியாபாரி மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைக்கு முதுகு வரைக்கும் முடி. சாக்கு தைக்கிற நூலால் கட்டிவிட்டிருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"ஆச்சுக்கா" என்றாள்.

பிள்ளை என் கையிலிருந்த டிபன் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

"பொம்பளப் புள்ளயா?"

"இல்லக்கா, பய. மாரிச்சாமி."

"ஆம்பளப் பயலுக்கா இம்புட்டு முடி? இறக்கிவிட வேண்டியதுதான?"

"இருக்கங்குடி ஆத்தாளுக்கு நேந்த முடிக்கா. ரெண்டு புள்ளைகளை மண்ணுக்குக் குடுத்துட்டு இவனைப் பெத்தேன். மொத முடி உனக்குத்தான்னு நேந்துக்கிட்டேன். இறக்குற வரைக்கும் கத்தரி படக்கூடாது."

"எப்பப் போறதா இருக்க?"

"விட்டாகன்னா போகணும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் வத்தலுக்குக் குனிந்துகொண்டாள்.

அவள் பெயர் மாடத்தி. 'விட்டாகன்னா' என்று சொன்னாளே, அந்த இடத்தில் ஆரம்பித்ததுதான் இந்த வாரக் கதை.

மரத்தடி டைப்பிஸ்ட்

போன வாரம் என் டைப்ரைட்டர் புராணத்தைப் படித்துவிட்டுச் சிலர், 'அதை வைத்து என்னதான் சம்பாதித்தீர்கள்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்தைத் தொட்ட வருடங்கள் அவை. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்து, என் டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரத்தடிக்குப் போனேன். திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் மனு கொடுக்க வருவார்கள். பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனு, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்ட மனு. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பத்து விரலாலும் தட்டுவேன். எனக்கு முன்கோபம் உண்டு. மனுதாரர் சுற்றிவளைத்துப் பேசினால், "விசயத்துக்கு வாங்கய்யா" என்று அதட்டிவிடுவேன். அதற்காகவே என்னிடம் வராமல் பக்கத்து மரத்துக்குப் போனவர்கள் உண்டு.

மாடத்தியை நான் அதட்டவில்லை. அவள் கதை ஒரே நாளில் வரவுமில்லை. லோடு வரும்போதெல்லாம் கிட்டங்கியில் அவள் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வேன். நானும் நாலு சண்டு பொறுக்குவேன். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

வெம்பக்கோட்டை அணைக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்றுத் தோட்டம். மூன்று குடும்பங்கள் அதற்குள்ளேயே குடிசை போட்டு இருந்தன. மாடத்தியின் மாமனார் எப்போதோ வாங்கிய முன்பணத்துக்காக அவள் புருஷன் கருப்பசாமி உழைத்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் மாடத்தியும் சேர்ந்து உழைத்தாள். அந்தக் கடன் அடையவே இல்லை. ரேஷன் கார்டு தோட்டத்துக்காரர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஒரு குடும்பம் வெளியே போனால் மற்ற இரண்டும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு கிடந்தார்கள்.

தாயில்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக வந்து ஆளெடுத்துப் போகிற காலத்தில் இது நடந்தது. அந்த வேன்களின் ஹார்ன் சத்தம் தோட்டத்துக்குள்ளே கேட்கும் என்பாள் மாடத்தி.

அரசாங்கத்தில் இதற்குக் 'கொத்தடிமை முறை' என்று பெயர் என்றேன். சட்டம் போட்டு ஒழித்துப் பல வருடம் ஆயிற்று, ஒரு மனு போதும், விடுதலைச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. மூன்றாவது லோடில்தான் கைநாட்டு வைத்தாள். உருட்டிய பெருவிரலில் மையோடு வத்தல் விதையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கொடுத்த புத்திமதி

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தை எழுதியாக வேண்டும்.

மனு போன பிறகு மாடத்தியிடமும் மற்றப் பெண்களிடமும் நான் சொன்னேன்: "அதிகாரி விசாரிக்க வருவாக. ஒப்பாரி வச்சுப் புலம்பாதீக. மரியாதையாப் பதில் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போதும்."

மரத்தடியில் ஆயிரம் மனுதாரர்களைப் பார்த்த மிதப்பில் கொடுத்த புத்திமதி அது. ஒன்றரை மாதம் கழித்து மனுவுக்குப் பதில் என் விலாசத்துக்கே வந்தது.

தோட்டத்தில் நேரடி விசாரணை நடத்தப்பட்டதாகவும், உணவு, உறைவிடம் குறித்துத் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று தொழிலாளர்கள் தெரிவித்ததாகவும் அதில் இருந்தது. அவர்கள் தினக்கூலிகள்தான், விருப்பம்போல் வந்துபோகிறவர்கள் என்றும், ஆண்டுதோறும் ஆடி கடைசி வெள்ளிக்குத் தம் செலவில் வண்டி வைத்துக் குடும்பத்தோடு இருக்கங்குடிக்கு அனுப்பிவைப்பதாகவும் உரிமையாளர் வாக்குமூலம் அளித்திருந்தார். எனவே மனு தள்ளுபடி.

அடுத்த லோடில் மாடத்தி வந்ததும் கிட்டங்கி என்றும் பார்க்காமல் கத்தினேன். "சோத்துக்கு வழியில்லன்னு எங்கிட்டச் சொன்னியே, அவுககிட்ட ஏன் குறையில்லன்ன?"

அவள் நிமிரவே இல்லை.

"வேகாத வெயில்ல வந்திருந்தாகக்கா. வந்ததும் 'சாப்பிட்டீகளா'ன்னு கேட்டாக. ஆச்சுய்யான்னோம். 'சாப்பாட்டுக்குக் குறை ஒண்ணும் இல்லையே'ன்னாக. இல்லய்யான்னோம். வேற என்ன சொல்ல? வீடு தேடி வந்தவுககிட்ட வயித்தக் காட்டிப் பேசவா முடியும்? மொதலாளி வேற பக்கத்துல நிக்காக. நீங்களும் மரியாதையாப் பேசுன்னீக."

எங்கள் பக்கத்தில் 'சாப்பிட்டீகளா' என்றால் 'ஆச்சு' என்றுதான் பதில். பட்டினி கிடந்தாலும் ஆச்சுதான். கேட்டவர் சங்கடப்படக் கூடாது, நம் மானமும் போகக் கூடாது. நானும் ஆயுசு முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அதிகாரி காகிதத்தில் அது வாக்குமூலம் ஆகிவிட்டது.

விசாரணை முடிந்த மறுநாளே தோட்டத்துக்காரர் கருப்பசாமியைப் பிரித்து வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். சீசன் முடிந்ததும் எல்லோரையும் மலையாளத்துப் பக்கம் மலைத்தோட்டத்துக்கு ஏற்றிவிடப்போவதாகப் பேச்சு. இன்னும் ஒரே ஒரு லோடுதான் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு மாடத்தியை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"ஆத்தா கண்ணைத் தொறக்கட்டும்க்கா" என்று சொல்லி, அவள் மணிக்கட்டால் பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டாள்.

அத்தா சொன்ன பொய்

அத்தாவுக்கு என் மேல் கடுங்கோபம். அந்தத் தோட்டத்துக்காரர் பல வருடமாக எங்கள் கடைக்குச் சரக்குப் போடுகிறவர். ஒரு நாள் கடைக்கே வந்து, "பாய், உங்க மகளைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தா வீட்டுக்கு வந்து குதித்தார்.

"உனக்கு எதுக்குத்தா ஊர்வம்பு? என் கடை வாசல்ல வச்சுத்தான் மனு எழுதணுமா?"

நான் வந்திருந்த கடிதத்தை அவர் முன்னால் வாசித்தேன். மாடத்தி சொன்னதையும் சொன்னேன். அத்தா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

கடைசியில், "நானும்தான் பரீதா ஒவ்வொரு லோடுக்கும் அந்தப் புள்ளைகளைக் கேட்டிருக்கேன், சாப்பிட்டீகளான்னு. ஆச்சுன்னாக. நானும் சரின்னுட்டுக் கல்லாவைப் பாக்கப் போயிட்டேன்" என்றார்.

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மனு வாங்குறது என்னைக்கு?"

"திங்கட்கிழமை அத்தா."

கடைசி லோடை ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக இருந்தார்கள். அத்தா போன் போட்டு, கிட்டங்கியில் இடம் இல்லை, திங்கட்கிழமை காலை அனுப்புங்கள் என்றார். திங்கட்கிழமை லாரியோடு தோட்டத்துக் கணக்குப்பிள்ளையும் காவலாக வந்து இறங்கினார். அத்தா அவரைக் கடைக்குள் உட்காரவைத்து, தராசில் முத்திரை பார்க்க ஆள் வரப்போகிறது, அதுவரைக்கும் எடைபோட முடியாது என்றார். டீ வந்தது. வடை வந்தது. மின்விசிறி கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பியது. வத்தலில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று அத்தா ஒரு வாதத்தைக் கிளப்பினார். வியாபாரத்தில் வாய்தவறிக்கூடப் பொய் சொல்லாத மனுசர், அன்று ஒரு காலைப் பொழுதில் ஆயுசுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அல்லாஹ் அவரை மன்னித்திருப்பான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கிட்டங்கியின் பின்வாசலில் ஆட்டோ நின்றது. மாடத்தி, பிள்ளை, இன்னும் இரண்டு பெண்கள், நான். நாலாமவள், கணக்குப்பிள்ளை எட்டிப்பார்த்தால் சமாளிப்பதற்காக அங்கேயே இருந்து சண்டு பொறுக்கினாள். அவளுடைய துணிச்சலை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆத்தா முடி

அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸில் எங்கள் வரிசையில் மனு வாங்கியவர் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்ட, கொஞ்சம் சளிப் பிடித்த முகம். வத்தல் நெடியோடு நாங்கள் நெருங்கியதும் இரண்டு தும்மல் போட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எங்கிருந்து வர்றீங்க? சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ஆச்சும்மா" என்றாள் மாடத்தி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. நான் முந்திக்கொண்டு பழைய மனுவையும் பதிலையும் நீட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்தார். "ஏற்கெனவே விசாரிச்சு முடிச்சிருக்காங்களேம்மா. குறையில்லன்னு இவங்களே சொல்லியிருக்காங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முண்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் மாரிச்சாமி மேஜை மேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுக்கக் கையை நீட்டினான்.

"பாப்பாவுக்கு ஸ்டாம்பு வேணுமா?" என்று அவர் சிரித்தார்.

"பயதாம்மா."

"பையனா! இன்னும் முதல் முடி இறக்கலையா?"

"இருக்கங்குடிக்கு நேந்ததும்மா."

"வயசென்ன?"

"மூணு தாண்டிருச்சு."

அதிகாரியும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. பேனாவை வைத்துவிட்டார். "வெம்பக்கோட்டையில இருந்து இருக்கங்குடிக்கு ரெண்டு பஸ்சு. மூணு வருசமா ஏம்மா இறக்கல?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்று முதல்முறையாக எனக்குப் புத்தி வந்திருந்தது.

மாடத்தி பிள்ளையின் தலையைப் பார்த்தாள். பிறகு அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள்.

"வயித்துக்குக் குறையில்லன்னு அன்னைக்கு நாந்தாம்மா சொன்னேன். அது எங்க வயிறு. இது ஆத்தா முடி. இதுல பொய் சொன்னா எம் புள்ள தங்காது. விட மாட்டேங்காகம்மா. மூணு ஆடியும் கேட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு விடுங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம்னு கால்ல விழுந்தேன். போனா வர மாட்டீகன்னு விடல. எனக்கு மட்டுமில்ல. அங்கன இருக்கிற அஞ்சு புள்ளைக்கும் பெறந்த முடி அப்படியேதான் இருக்கு."

மற்ற இரண்டு பெண்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

நான் அந்தக் கடிதத்தைத் திருப்பி, ஒரே ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். ஆடி கடைசி வெள்ளிக்கு ஆண்டுதோறும் வண்டி வைத்து இருக்கங்குடிக்கு அனுப்புவதாகத் தோட்டத்துக்காரர் சொன்ன வரி. அதிகாரி அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையின் முடியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ளே போனார்.

அன்று மாலையே ஜீப் கிளம்பியது. மாடத்தியும் அதில்தான் போனாள். தோட்டத்தில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோட்டத்துக்காரர் வழக்கம்போல, "நான் புள்ளைக மாதிரி வச்சிருக்கேம்மா, கோயில் கொடைக்கெல்லாம்..." என்று ஆரம்பித்திருக்கிறார். அந்த அம்மா ஐந்து பிள்ளைகளையும் குடிசை வாசலில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். பெரியவளுக்கு ஆறு வயது. ஒரு தலையில்கூடக் கத்தி பட்ட அடையாளம் இல்லை.

"ஆடிக்கு வண்டி வச்சு அனுப்புனேன்னீங்களே, எந்த ஆடிக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

தோட்டத்துக்காரர் பிள்ளைகளின் தலையைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த ரேஷன் கார்டுகள் வெளியே வந்தன. அன்றைக்கே கருப்பசாமியையும் மற்றத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தார்கள். சில நாளில் கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ்கள் மூன்று குடும்பத்துக்கும் கிடைத்தன. முன்பணம் என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மாடத்தி வாசிக்கச் சொல்லி நான்கு தடவை கேட்டாள். நான் அலுக்காமல் வாசித்தேன்.

அந்த அதிகாரி சீக்கிரமே வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். இதைப் படித்தால் அவருக்கே தெரியும். அம்மா, அன்று ஒரு பிள்ளையின் முடியைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தீர்களே, அதற்கு என் நன்றி.

ஒரு செவ்வாய்க்கிழமை

மாடத்தியும் கருப்பசாமியும் தாயில்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் குடிபோனார்கள். இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அது ஒன்றும் பாயசம் குடிக்கிற வேலை இல்லை. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் இன்றுவரை எனக்கு அவர்கள் நினைப்புத்தான் வரும். ஆனால் சாயங்காலம் வேன் அவளை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடும். பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் பஸ் ஏறலாம்.

ஆடி வரைக்கும் பொறுக்க அவளுக்கு மனசில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் ஐந்து பிள்ளைகளுக்கும் இருக்கங்குடியில் முடி இறக்கினார்கள். ஆற்றில் குளித்து, தலையில் சந்தனம் பூசி, அங்கிருந்து பஸ் ஏறி மாடத்தி குடும்பம் மட்டும் விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த ஏழாம் நாளே முடி இறக்கிவிடுவோம். ஒரு மொட்டைத் தலைக்காக மூன்று வருடம் காத்திருந்த தாயை அன்றுதான் பார்த்தேன். மாரிச்சாமிக்கும் தன் தலையை நம்ப முடியவில்லை. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தா வெளியே வந்தார். தோட்டத்துக்காரரிடம், "உங்க சரக்கை இனிமே நம்ம கடையில இறக்க வேண்டாம்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தது எனக்கே அந்த வாரம்தான் தெரியவந்தது. பெரிய லோடு அது. வீட்டில் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. இப்படிப்பட்ட மனுசருக்கு மகளாகப் பிறந்ததற்கு நான் எந்த மரத்தடியில் உட்கார்ந்து நன்றி மனு எழுதுவது?

வந்தவர்களைப் பார்த்ததும் அத்தாவுக்குப் பழக்கதோஷத்தில் வாயில் அதுதான் வந்தது.

"வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா?"

கேட்டுவிட்டு அவரே சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். கருப்பசாமி, "ஆச்..." என்று ஆரம்பித்தான்.

மாடத்தி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்லங்கய்யா. விடியக்காலம் கெளம்புனது. இன்னும் ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது."

அத்தா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே அடுப்படிக்குள் போனார். என் வாழ்நாளில் அத்தா அடுப்படிக்குள் போனதை அன்றுதான் பார்த்தேன். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டினார். நான் ஓடிப்போய் இலை போட்டேன். சோறும் பருப்பு ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும்தான் இருந்தன. அத்தா கண் கலங்கியபடியே பரிமாறினார்.

மாடத்தி மகனை இரண்டு உள்ளங்கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் தனக்கு. அவன் கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் தன் கையாலேயே வழித்து எடுத்தாள். பிள்ளை சிணுங்கவில்லை.

இலை காலியானதும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைங்கக்கா."